வெள்ளி பொழுதுபட வட்டக்கச்சியில் கூடினோம்: அனுபவப் பகிர்வு

விசுவமடு அக்கா:

போன மாசம் கிளிநொச்சி வட்டக்கச்சியில ஏழாம் நாள் சபை ஆக்கள் கொஞ்சப் பேர், சபைக்குள்ள இருக்கிறவையும் வெளியில நிக்கிறவையும், மூண்டு நாள் கூடினதைப் பற்றி வந்தவை எல்லாரும் எழுதுங்கோ எண்டு கேட்டிருந்தீங்கள். நானே தொடங்கிறன். நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் பிறந்ததில இருந்தே ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை, வெள்ளி பொழுதுபட்டதில இருந்து சனி பொழுதுபடும் மட்டும் ஓய்வுநாள் எண்டு வைக்கிற கிறிஸ்தவர். சனிக்கிழமை சந்தைக்குப் போறேல்லை. வெள்ளி பொழுதுபட்டால் அடுப்பு மூட்டுறேல்லை. நண்டு, இறால் எங்கட குசினிக்குள்ள வந்ததே இல்லை. 2009 மாசியில, கடைசிச் சண்டைக்குள்ள, மாத்தளன் பக்கம் பங்கருக்குள்ள கிடந்த நேரம் இண்டைக்கு என்ன கிழமை எண்டு கேட்க ஆளில்லை. அம்மா தன்ர நூல் சீலைத் தலைப்பில தொங்கின நூலில ஒவ்வொரு நாளும் விடிய ஒரு முடிச்சுப் போடுவா. ஏழாவது முடிச்சு ரெட்டை முடிச்சு. அதுக்கு முதல் நாள் பின்னேரம், இருக்கிற கஞ்சியில ஒரு பேணி எடுத்து மூடி வைப்பா. ஓய்வுநாளில காய்ச்சக்கூடாது எண்டுதான். மெனிக்பாம் எண்டுற செட்டிக்குளம் அகதி முகாமுக்கு வந்து ஆரிட்டயோ கலண்டர் வாங்கிப் பார்த்தால், முடிச்சுக் கணக்கு ஒரு நாளும் பிசகேல்லை.

இதை ஏன் முதலில சொல்லுறன் எண்டால், வட்டக்கச்சியில கூடினவையைப் பற்றி "சட்டம் கஸ்டமாப் போச்சு, ஓய்வுநாளை விட்டிட்டினம்" எண்டு ஒரு கதை ஓடுது. எங்கட வீட்டில அதை ஒருத்தரும் விடேல்லை.

என்ர தங்கச்சியை அவளின்ர இருபத்திரண்டு வயசு மட்டும் தம்பி எண்டுதான் கூப்பிட்டனாங்கள். அவள் திருநங்கை. அந்தச் சொல்லை வாயால சொல்ல எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது.

சபையில மூண்டு மாசத்துக்கு ஒருக்கா இராப்போசனம். அப்பம் எடுக்க முதல், இயேசு தன்ர சீடருக்குச் செய்த மாதிரி ஆளுக்காள் கால் கழுவ வேணும். ஆம்பிளையள் ஒரு அறை, பெம்பிளையள் ஒரு அறை. அவள் முதல்முதல் சல்வார் போட்டுக்கொண்டு வந்த நாளும் அதாத்தான் அமைஞ்சது. ரெண்டு அறைக்கும் நடுவில விறாந்தையில நிண்டாள். எந்தப் பக்கத்தாலும் ஒருத்தரும் வா எண்டு கூப்பிடேல்லை. கொஞ்ச நேரத்தால ஒருவர் வந்து, "வீட்டை போய் ஆறுதலா ஜெபம் பண்ணுங்கோ" எண்டார். ஏசேல்லை, மெதுவாத்தான் சொன்னவர். நான் உள்ளுக்க, பேசினுக்குள்ள ரெண்டு காலையும் வைச்சபடி யன்னலால பார்த்துக்கொண்டிருந்தனான். எழும்பேல்லை. என்ர காலைக் கழுவின அன்ரி விரல் இடுக்கெல்லாம் துவாயால துடைச்சு முடியும் மட்டும் இருந்தனான். அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டிப் போறாள். ஏறி ஓடேல்லை, உருட்டிக்கொண்டு போறாள்.

பிறகு நாலு வருசம் நாங்கள் மூண்டு பேரும் சபைக்குப் போகேல்லை. வெள்ளி பின்னேரம் அம்மா பாட்டுத் தொடங்குவா. மூண்டு குரலுக்கு அது எடுபடாது. அயலில எல்லாரும் வற்றாப்பளைப் பொங்கல், மடுத் திருநாள் எண்டு சேர்ந்து போகினம். எங்களுக்குச் சனிக்கிழமை கதவைச் சாத்திப்போட்டு இருக்கிறதுதான். தனிய இருந்து கடைப்பிடிச்ச ஆக்களுக்குத்தான் அந்தப் பாரம் தெரியும்.

வட்டக்கச்சிக்கு வந்தவை முப்பதுக்கு மேல. காலபோக அறுவடை முடிஞ்ச கையோட, இரணைமடுத் தண்ணி ஓடுற வாய்க்கால் ஓரம் ஒரு தென்னங்காணி. பதாகை இல்லை, பேர் இல்லை. படம் எடுக்க வேண்டாம் எண்டு முதலே சொன்னவை. காரணம் எல்லாருக்கும் விளங்கும். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்ர 365அ பிரிவு, ஒரே பாலார் உறவைக் குற்றம் எண்டுறது, இன்னும் அப்பிடியே கிடக்கு. அதை நீக்கிறது அரசியலமைப்புக்கு முரண் இல்லை எண்டு 2023இல உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் கிடக்கு.

ஆறு இருபதுக்குக் கிட்டப் பொழுது பட்டுது. பாட்டுத் தொடங்கினது ஆரெண்டு தெரியாது. ரெண்டாவது வரியில எனக்குப் பின்னால ஆம்பிளைக் குரல், பக்கத்தில குழந்தைப்பிள்ளைக் குரல். அம்மா பாடுறதை விட்டிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தா.

சனி காலமை ஓய்வுநாள் பள்ளியில ஏசாயா எடுத்தவை. "ஓய்வுநாளை மனமகிழ்ச்சியின் நாள்" எண்டு வாற 58ஆம் அதிகாரம் எங்கட சபைப் பிள்ளையளுக்கு மனப்பாடம். பாடம் நடத்தின பிள்ளை, ரெண்டு அதிகாரம் முன்னுக்குத் தட்டுங்கோ எண்டா. 56. அங்க ஓய்வுநாளைக் கைக்கொள்ளுற அண்ணகர்களுக்கு, அதாவது விதை நீக்கப்பட்ட ஆக்களுக்கு, கடவுள் தன்ர வீட்டில இடமும், மகன்மார் மகள்மாரை விட மேலான பேரும் தருவன் எண்டு வாக்குக் குடுக்கிறார். அண்ணகர் எண்டால் திருநங்கை எண்டு நேரா அர்த்தமில்லை, அதை அந்தப் பிள்ளையும் சொன்னவ. ஆனா சபைக்கு வெளியில நிப்பாட்டப்பட்ட உடம்பும் ஓய்வுநாளும் ஒரே வசனத்துக்குள்ள வருது. இவ்வளவு காலமும் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தானே 58க்குப் போனனாங்கள்? என்ர தங்கச்சி அந்த வசனத்தில விரலை வைச்சவள், பாடம் முடியும் மட்டும் எடுக்கேல்லை.

பின்னேரம் கால் கழுவுறது. எனக்கு வயித்தைக் கலக்கினது. அறை ஒண்டும் இல்லை, மாமர நிழலில வட்டமாக் கதிரை. நடுவில ஏழெட்டுப் பேசின், ஒரு பெரிய அண்டாவில வெயிலில வைச்ச தண்ணி. விரும்பின ஆளோட விரும்பின ஆள் இருக்கலாம். இந்த முறை நான் எழும்பத்தான் வேணும் எண்டு நினைச்சு எழும்பினன். எனக்கு முதல் ஒரு அக்கா தங்கச்சிக்கு முன்னால வந்து இருந்திட்டா. மல்லாவிப் பக்கம், ஐம்பது வயசு இருக்கும். சீலையை முழங்கால் மட்டும் உயர்த்தி, ஜெய்ப்பூர்க் காலைக் கழட்டிக் கதிரையோட சாத்தி வைச்சா.

"பிள்ளை, எனக்கு ஒரு கால்தான். நீ அதைக் கழுவு. உன்ர ரெண்டையும் நான் கழுவுறன்."

தங்கச்சி தையல் மெசின் மிதிக்கிறவள். வலது பாதம் முழுக்கக் காய்ப்பு, குதிக்கால் வெடிப்பு. அதைக் காட்ட வெக்கப்பட்டுக் காலை உள்ளுக்கு இழுத்தாள். அக்கா விடேல்லை. கையால தண்ணி அள்ளி அள்ளி வெடிப்புக்குள்ள விட்டு, பெருவிரலால மண்ணை எடுத்தா. பிறகு தங்கச்சி குனிஞ்சு அந்த ஒற்றைக் காலைக் கழுவி, மற்றப் பக்கம் முழங்காலுக்குக் கீழ இருந்த மொட்டையையும் ஈரத் துவாயால ஒற்றி விட்டாள். அதை ஒருத்தரும் அவளுக்குச் சொல்லிக் குடுக்கேல்லை.

இதுக்கு மேல எழுத என்னால ஏலாது. மற்றவை எழுதுங்கோ.

நெடுங்கேணி அண்ணை:

நான் 19 வருடம் மூப்பராக இருந்தவன். அரைமனதோடுதான் வந்தேன். எங்கள் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான எலன் உவைற் அம்மையாரை இழிவாகப் பேசுவார்கள், வேதத்தைக் குறைத்துப் பேசுவார்கள் என்று நினைத்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கிறிஸ்து வருவார் என்று எங்கள் சபையின் முன்னோடிகள் காத்திருந்த 1844ஆம் ஆண்டு பற்றி ஒரு தம்பி கேட்ட கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை, அதை அவரிடமே சொன்னேன். அவர் எழுந்து போகவில்லை, நானும் போகவில்லை. பத்தொன்பது வருடத்தில் சபைக்குள் இப்படி ஒரு உரையாடலை நான் நடத்தியதில்லை. கேள்வி கேட்டவர்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள், நாங்களும் தேடிப் போகமாட்டோம்.

எங்கள் 28 அடிப்படை நம்பிக்கைகளுக்கும் முகவுரை ஒன்று உண்டு. ஆவியானவர் இன்னும் தெளிவாகக் காட்டும்போது இந்த வாசகங்கள் திருத்தப்படலாம் என்று அதிலேயே இருக்கிறது. 2005க்கு முன் 27தான், ஒன்று பிறகு சேர்ந்தது. ஆகவே "எதையும் தொடக்கூடாது" என்பது எங்கள் சபையின் சொந்தப் போதனை இல்லை. பதினான்காவது நம்பிக்கை ஆண் பெண், உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்ற வேறுபாடு எங்களைப் பிரிக்கக்கூடாது என்கிறது. அதை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன்!

பெண்களின் குருத்துவ அபிஷேகம் பற்றியும் பேச்சு வந்தது. 2015இல் அமெரிக்காவின் சான் அன்ரோனியோவில் கூடிய உலக மாநாட்டில், அந்த முடிவை அந்தந்தப் பிராந்தியங்களே எடுக்க விடலாமா என்று வாக்கெடுத்தார்கள். எதிராக 1381, ஆதரவாக 977. அந்த நாளில் நானும் 1381 பக்கம்தான். வட்டக்கச்சியில் ஒரு அம்மா கேட்டார், "மெனிக்பாமில எங்கட ஆராதனையை ஆர் நடத்தினது, அண்ணை?" எனக்குப் பதில் தெரியும். ஆண்களைப் பிரித்துக் கொண்டுபோன பின், செட்டிக்குளத்துக் கூடாரங்களில் பாடப்புத்தகமும் இல்லாமல் நினைவில் இருந்து வசனம் சொல்லி ஓய்வுநாள் நடத்தியது பெண்கள். என் மனைவியும் அதில் ஒருத்தி. நான் திரும்பி வந்ததும் பிரசங்க மேசையை வாங்கிக்கொண்டேன். அவவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வயதில் அதற்காக அவவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொன்று, இளையவர்களுக்காக. ஓய்வுநாளைத் தமிழருக்கு முதலில் கொண்டுவந்தது வெள்ளைக்கார மிசனரி என்று நினைக்காதீர்கள். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்குப் பக்கத்தில், சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் 1857இல் மிசனரிகளை விட்டுப் பிரிந்து தனிச்சபை கண்டு, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்தார். ஏழாம் நாள் சபை ஒழுங்கமைக்கப்பட்டதோ 1863இல். வேதத்தைத் தாங்களே திறந்து வாசித்து ஒரு முடிவுக்கு வருவது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை.

தருமபுரத்துப் பிள்ளை:

சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லையே! வெள்ளி மத்தியானமே ஒடியற்கூழ் காய்ச்சி இறக்கியாச்சு. நண்டு இல்லை, இறால் இல்லை. பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, பழப்புளி, செத்தல் மிளகாய் அரைச்சுப் போட்ட காரம். பிலாவிலை கோலிக் குடிச்சம். சனிக்கிழமைக்குப் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் முதல் நாளே கட்டி வைச்சாச்சு.

எங்கட அம்மம்மா ஆக்கள் 1977 கலவரத்தோட மலையகத்தில இருந்து வந்தவங்க. "தோட்டத்து ஆக்கள்" எண்டு சொல்லித் தனிக் கோப்பையில தேத்தண்ணி குடுத்த வீடுகள் இந்த ஊரில உண்டு, சபைக்காரர் வீடும் உண்டு. எங்கட சபையில தேத்தண்ணியே கூடாதெண்டு சொல்லுவினம், அந்த வீட்டில குடுத்தது மல்லித்தண்ணி. கோப்பை மட்டும் வேற. வட்டக்கச்சியில பிலாவிலை ஒரே மரத்து இலை. என்ர இலை ஓட்டையாப் போக, பக்கத்தில இருந்த ஐயா தான் குடிச்சுக்கொண்டிருந்த இலையை அப்பிடியே நீட்டினார். வாங்கிக் குடிச்சன்.

புதுக்குடியிருப்பு அம்மா:

மகள் எழுதித் தாறாள். நான் சொல்லச் சொல்லத்தான் எழுதுறாள்.

என்ர மூத்தவனை 2009 வைகாசியில வட்டுவாகலில நான்தான் கூட்டிக்கொண்டு போய் ஆமியிட்டக் கையளிச்சனான். 2017 மாசி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டுத் தாய்மார் போராட்டம் இருக்கத் தொடங்கின நாளில இருந்து நானும் போறன். சபையில அது பிடிக்கேல்லை. எங்கட போதனையில செத்தவை நித்திரை, ஆண்டவர் வரேக்க எழும்புவினம். "அவர் நித்திரையா இருக்கிறார், வருகையில காணலாம் அம்மா" எண்டு ஆறுதல் சொல்லவந்தவை எத்தினை பேர். நித்திரை செத்தவைக்குத்தானே. என்ர பிள்ளை செத்தவன் எண்டு ஆர் கண்டது? அதைக் கேட்டால் விசுவாசம் குறைஞ்சு போச்சு எண்டினம்.

வட்டக்கச்சியில ஜெபத்துக்கு முதல் அவன்ர பேரைக் கேட்டினம். "இருந்தவர்" எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. "இருக்கிறார்" எண்டும் சொல்லேல்லை. பேரை மட்டும் சொல்லி ஜெபிச்சினம். பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. அது எனக்குக் காணும்.

விசுவமடு அக்கா:

கேட்டவைக்குப் பதில். இது புதுச் சபை இல்லை. தசமபாகம் எடுக்கேல்லை, ஞானஸ்நானம் குடுக்கேல்லை, ஆரையும் அவையின்ர சபையை விட்டு வரச்சொல்லேல்லை. நெடுங்கேணி அண்ணை இப்பவும் தன்ர சபைக்குத்தான் போறார். ஞாயிறு காலமை காணிக்காரருக்குக் கிணறு இறைச்சுக் குடுத்திட்டு, தேங்காய் ரெண்டு ரெண்டு வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டம். அடுத்தது எப்ப எண்டு இன்னும் தீர்மானிக்கேல்லை. மழைக்கு முதல் வைக்க வேணும், மார்கழியில அந்த ஒழுங்கையால வரேலாது.

மல்லாவி அக்கா தங்கச்சியின்ர நம்பரை வாங்கிக்கொண்டு போனவ. அண்டையில இருந்து ஒவ்வொரு வெள்ளியும் ஆறு மணி தாண்ட போன் அடிக்கும். ஸ்பீக்கரில போட்டு மேசையில வைப்பம். "பொழுது பட்டிட்டுது பிள்ளை, அங்க பட்டிட்டுதோ?" எண்டு கேப்பா. அம்மா வாசலுக்குப் போய் மேற்கைப் பார்த்திட்டு வந்து, "ஓம், இஞ்சயும் பட்டிட்டுது" எண்டு சொல்லிப்போட்டுப் பாட்டைத் தொடங்குவா.