மாகாணியும் வீசமும் ஒன்றா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் தாத்தாவின் பழைய பாகப் பத்திரத்தை இப்போதுதான் பொறுமையாக வாசித்தேன். ஓரிடத்தில் 'மேற்படி நஞ்சையில் மாகாணி' என்று இருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே 'வீசம் பங்கு' என்று வருகிறது.

பழைய தமிழ்ப் பின்னக் கணக்கில் மா என்றால் 1/20, காணி என்றால் 1/80. இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பென்சிலால் கூட்டிப் பார்த்தபோது மாகாணி என்ற பெயருக்குள்ளேயே கணக்கு இருப்பது புரிந்து, அவ்வளவு சந்தோஷம். தாத்தாவின் அப்பாவையும் சேர்த்துப் பங்காளிகள் நாலு பேர், அடுத்த தலைமுறையில் தாத்தாவையும் சேர்த்து நாலு பேர். ஆக 1/16 சரியாகத்தான் வருகிறது.

ஆனால் வீசமும் 1/16தானே? ஒரே எழுத்தர் ஏன் இரண்டு சொல் எழுதினார்? ஒன்று நிலத்துக்கு, மற்றது பணத்துக்கு என்று வழக்கம் இருந்ததா? அப்புறம், தஞ்சாவூர்ப் பக்கம் மா என்பது நில அளவு; வேலி என்ற பெரிய நில அளவில் இருபதில் ஒரு பங்கு. எங்கள் வீட்டில் கோட்டை, மரக்கால் விதைப்பாடு என்று, விதைக்கும் நெல்லின் அளவை வைத்துத்தான் நிலத்தைப் பேசிக் கேட்டிருக்கிறேன். அப்படியென்றால் பத்திரத்தில் உள்ள மாகாணி வெறும் பின்னமா, பரப்பளவா?

கிராமக் கணக்கு பார்த்த குடும்பத்தில் யாராவது இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.