4 அண்டர் போதுமா?

குழு: நம்ம வீடு
வெள்ளி இரவு தாண்டி, சனி அதிகாலை. அண்ணன் கோல்ஃப் போட்டி ஆடும் வெளிநாட்டில் இன்னும் வெள்ளிக்கிழமைதான்.

12:38
அண்ணன்: ரவுண்டு முடிந்தது. 70, 68. மொத்தம் 4 அண்டர், அதாவது பார் என்கிற அளவைவிட 4 ஸ்ட்ரோக் (அடி) குறைவு. கட், அதாவது 2 நாளுக்குப் பிறகு தொடர்ந்து ஆடுவதற்கான எல்லை, 4-க்கும் 5-க்கும் நடுவில் ஊசலாடுகிறது. எல்லோரும் தூங்குங்கள், விடிந்ததும் சொல்கிறேன்.

12:39
அம்மா: யாருக்குத் தூக்கம் வருது கண்ணா. நீ உள்ளேயா வெளியேயா, அதை மட்டும் சொல்.

12:41
அண்ணன்: எனக்கே தெரியாதும்மா. 156 பேர் ஆடுகிறோம். பாதிப் பேர் காலையில் போனோம், மீதிப் பேர் இப்போதுதான் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். 65-வது இடம் வரைக்கும், அதே ஸ்கோரில் நிற்கிற அத்தனை பேருக்கும்தான் சனி, ஞாயிறு ஆட்டம். கடைசிக் குரூப் வர இன்னும் 5 மணி நேரம் ஆகும்.

12:44
அத்தை: வெளியே போய்விட்டால்?

12:47
அண்ணன்: ஒரு டாலர் வராது அத்தை. புள்ளியும் வராது. ஃப்ளைட், கார் வாடகை, என் பையைச் சுமக்கும் கேடியின் வாரச் சம்பளம் எல்லாம் என் கையிலிருந்துதான். ஜெயிப்பவருக்கு 10 லட்சம் டாலரில் 18 சதவீதம், அதாவது 1,80,000. கட்டைத் தாண்டிக் கடைசியில் முடித்தால் அதில் ஒரு துளி. அந்தத் துளியில்தான் அடுத்த வார டிக்கெட் எடுக்கிறேன்.

12:49
அம்மா: தங்கியிருக்கிற வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களா?

12:50
அண்ணன்: சொந்தப் பிள்ளை மாதிரிம்மா. அந்த வீட்டுப் பெரியவர் 2 நாளும் என் கூடவே 18 ஹோலும் நடந்தார். முழங்கால் வலியோடு.

12:58
சித்தப்பா: சீசன் புள்ளிப் பட்டியலில் இப்போது எத்தனையாவது?

12:59
அண்ணன்: 24.

1:01
சித்தப்பா: 2024 வரை முதல் 30 பேருக்கு பிஜிஏ டூர் கார்டு, அதாவது மேலே இருக்கிற பெரிய தொடரில் ஆடும் உரிமை, கொடுத்தார்கள். 2025-லிருந்து 20 பேருக்குத்தான். பழைய கணக்குப்படி நீ உள்ளே இருக்கிறாய். எனக்கு வயிறு எரிகிறது.

1:03
அண்ணன்: சீசன் தொடங்கும்போதே 20 என்று தெரிந்துதானே ஆடினேன். இன்னும் ஃபைனல்ஸ் 4 டோர்னமென்ட் இருக்கிறது. அதில் ஜெயித்தால் 500-க்குப் பதில் 600 புள்ளி. ஆனால் இந்த வாரம் சைபர் வாங்கினால் 24 சட்டென்று 30 ஆகும்.

1:05
சித்தப்பா: மனதைத் தளர விடாதே. கோல்ஃப் நட்சத்திரம் ஸ்காட்டி ஷெஃப்லரே 2019-ல் நீ ஆடுகிற இதே கார்ன் ஃபெர்ரி டூரில் 2 டோர்னமென்ட் ஜெயித்து, முதலிடத்தில் முடித்துத்தான் மேலே போனார்.

1:06
அண்ணன்: அவர் ஒரே வருடத்தில் போய்விட்டார் சித்தப்பா. எனக்கு இது மூன்றாவது வருடம்.

1:19
நான்: அண்ணா, 17-வது ஹோலில் என்ன ஆச்சு? ஆப்பில் போகி (பாரைவிட ஒரு அடி கூடுதல்) காட்டியது.

1:24
அண்ணன்: நாலடி தூரத்திலிருந்து குழிக்குள் உருட்டுகிற புட். இடமிருந்து வலம். பந்தில் தப்பில்லை, நான்தான் அவசரப்பட்டேன். அடிக்கும் முன்பே மனது கணக்கில் இருந்தது, "இது விழுந்தால் 5 அண்டர், நிம்மதி" என்று. புட் அடிக்கிற நேரத்தில் புட்டைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

1:31
அப்பா: ஜனவரியில் பஹாமாஸில் தொடங்கியதிலிருந்து உன் ஒவ்வொரு ரவுண்டையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே ஸ்ட்ரோக்கில் கட் போனது 4 முறை. ஒரே ஸ்ட்ரோக்கில் உள்ளே வந்தது 3 முறை. பொகோட்டாவில் 2,600 மீட்டர் உயரத்தில் பந்து கூடுதல் தூரம் பறக்கிறது, எந்தக் கிளப் (மட்டை) எடுப்பது என்றே புரியவில்லை என்றாய். அங்கே ஒரு ஸ்ட்ரோக்கில்தான் உள்ளே வந்தாய். ஞாயிற்றுக்கிழமை 7-வதாக முடித்தாய்.

1:33
அண்ணன்: நோட்டா? எப்போதிலிருந்து அப்பா?

1:34
அப்பா: முதல் வருடத்திலிருந்து.

1:35
அம்மா: என்னிடம்கூடக் காட்டியதில்லை.

4:52
நான்: யாராவது விழித்திருக்கிறீர்களா? 5 அண்டரோ அதற்கு மேலோ இருப்பவர்கள் சரியாக 65 பேர். கட் 5 என்று காட்டுகிறது.

4:53
அத்தை: எல்லோரும் விழித்துத்தான் இருக்கிறோம்.

4:55
அண்ணன்: அந்த 65-ல் ஒருவர் ஒரு ஸ்ட்ரோக் விட்டால் போதும், 4 அண்டரில் நிற்கிற எங்கள் 13 பேருக்கும் கதவு திறக்கும். மைதானத்தில் இன்னும் ஒரே குரூப்தான். அதில் 5 அண்டரில் இருப்பவன், என்னோடு காரைப் பங்கு போட்டுக்கொண்டு ஊர் ஊராக வருகிற பையன்.

4:56
அம்மா: அவன் தப்பு பண்ண வேண்டும் என்று நினைக்காதே கண்ணா.

4:57
அண்ணன்: நினைக்கவில்லைம்மா. 18-ம் கிரீன் (குழி இருக்கிற புல்தரை) பக்கத்தில்தான் நிற்கிறேன். அவன் அடிக்கும்போது என்னால் பார்க்க முடியவில்லை.

5:14
நான்: போகி!!! அவனும் 4 அண்டர். கட் 4!

5:15
சித்தப்பா: அப்படியென்றால் அந்தப் பையன் வெளியேயா?

5:17
அண்ணன்: இல்லை சித்தப்பா, அவனும் உள்ளேதான். 5-லோ அதற்கு மேலோ இருப்பவர்கள் 64 ஆகிவிட்டார்கள், அதனால் 65-வது இடம் 4 அண்டருக்கு வந்துவிட்டது. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். என்னடா ஆச்சு என்று கேட்கிறான்.

5:18
அம்மா: அவனையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போ.

5:26
அண்ணன்: நாளை முதல் குரூப்பே நான்தான். 7:20. கிரீனில் ஒரு காலடித் தடம்கூட இருக்காது. அப்பா, 70, 68 எழுதிவிட்டீர்களா?

5:27
அப்பா: எழுதிவிட்டேன். நீ போய்த் தூங்கு.