பழைய வீட்டு நிலவறையில் இறங்கிய அனுபவம் உண்டா? சொல்லுங்கள்

தக்கலையிலிருந்து:

பாட்டா காலத்து ஓட்டு வீடு எங்களுடையது. அறப்புரை என்கிற தானிய அறையில் நெல் போட்ட காலம் போய், இப்போது பழைய பாத்திரங்களும் சாக்குகளும்தான் கிடக்கின்றன. போன சித்திரையில் அதில் நடக்கும்போது ஒரு பலகை அமுங்கியது. அடியில் நிலவறை. உத்திரம் என்ன கதியில் இருக்கிறதோ, மழைக்கு முன் பார்த்துவிடலாம் என்று ஆசாரியை வரச் சொன்னேன்.

மூலையில் இரும்பு வளையம் வைத்த மூடிப்பலகையை முப்பது வருடமாக யாரும் தூக்கியதில்லை. கடப்பாறையால் நெம்பித் திறந்ததும் டார்ச்சோடு காலை உள்ளே விட்டேன். ஆசாரி தோளைப் பிடித்து இழுத்துவிட்டார். "மக்கா, பாம்பு கெடக்கட்டும். முதல்ல காத்தப் பாக்கணும்."

ஒரு டப்பாவில் மெழுகுவர்த்தி ஏற்றிக் கயிற்றில் இறக்கினார். மூன்றடி போகும்வரை எரிந்தது. அப்புறம் சுடர் சுருங்கி, திரி மட்டும் சிவந்து, அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார், அதே இடத்தில் அணைந்தது. எந்த வாடையும் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மட்கும் வைக்கோலும் மரமும் பிராணவாயுவைத் தின்று கரியமில வாயுவை விடும். அது காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கிவிடும். அந்த அடைத்த குழிக்குள் குனிந்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தூக்க இறங்குகிறவரும் அப்படித்தான் விழுவார்.

சுடர் எரிந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். வெளிக்காற்றில் பிராணவாயு 21 சதவீதம். ஏறத்தாழ 16-க்கு வந்தால்தான் மெழுகுவர்த்தி அணையும். நமக்கு அதற்கு முன்பே ஆபத்துதான். வாயு அளக்கும் கருவி கிடைத்தால் அதை வைத்துப் பார்ப்பதே சரி.

காற்று ஏன் அடைத்தது என்று வீட்டைச் சுற்றி வந்தோம். அடித்தளத்தில் நான்கு துளைகள் விட்டிருந்தார் பாட்டா. முற்றத்தில் இன்டர்லாக் கல் போட்டபோது மண்ணை உயர்த்தி நான்கையும் மூடிவிட்டிருக்கிறோம். ஈரம் வெளியேற வழியில்லாமல்தான் உத்திரம் போயிருக்கிறது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். முற்றத்தை உயர்த்தும் முன் அந்தத் துளைகளைத் தேடிப் பாருங்கள்.

துளைகளைத் தோண்டித் திறந்து, நிலவறை வாயில் மின்விசிறி வைத்து இரண்டு நாள் காற்று விட்டோம். மூன்றாம் நாள் சுடர் தரைவரை எரிந்தது. இடுப்பில் கயிறு கட்டி இறங்கினேன், ஆசாரி மேலேயே நின்று நிமிடத்துக்கு ஒரு தடவை குரல் கொடுத்தார். உத்திரத்தில் கறையான் மண்கோடு. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் பிடிவரை போனது. பக்கத்தில் இருந்த அயனி மரத்து உத்திரத்தில் நுனிகூட ஏறவில்லை. ஒன்றை மட்டும் மாற்றினோம்.

குலசேகரத்திலிருந்து:

அண்ணே, எங்கள் வீட்டில் பாம்பு. துளையில் டார்ச் அடித்தபோது மூலையில் சட்டை கிடந்தது, பக்கத்திலேயே ஆளும் சுருண்டிருந்தது. நல்ல பாம்பு. மாமா புகை போடலாம் என்றார், நான் விடவில்லை. அது வீட்டுக்குள் ஏறினால் என்ன செய்வது? வனத்துறைக்குச் சொல்லி, ஆள் வந்து பிடித்துக்கொண்டு போனபிறகுதான் இறங்கினோம். ரப்பர் வெட்டப் போடும் கம்பூட்ஸ், கையுறை, முழுக்கை சட்டை. எலி மூத்திரம் பட்ட ஈரமண்ணால் எலிக்காய்ச்சல் வரும், வெறுங்காலோடு போகவே கூடாது. பாம்பு கடித்துவிட்டால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம், கடிபட்டவரை அசைக்காமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோங்கள்.

பூதப்பாண்டியிலிருந்து:

நாங்கள் ஒயர் இழுத்து பல்பு இறக்கினோம். ஜாயிண்டில் டேப் பிரிந்திருந்தது, ஈரத்தரையில் நின்ற தம்பிக்குக் கை விறைத்துவிட்டது. மெயினை அணைத்ததால் பிழைத்தான். அண்ணே, துளையில் இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள்?

தக்கலையிலிருந்து:

தம்பி, எலி நுழையாத அளவுக்குச் சின்னக் கண் உள்ள கம்பிவலை. துளையைச் சுற்றி இன்டர்லாக்கைப் பெயர்த்து ஒரு சாண் பள்ளம் விட்டிருக்கிறோம், மழைத் தண்ணீர் ஓடையில் விழுகிற மாதிரி சரிவும் வைத்தாயிற்று. உங்கள் தம்பிக்கு இப்போது கை சரியாகிவிட்டதா?