அவசரம்: டாங்க் மாடலுக்கு எந்த ஸ்கேல் நல்லது?

அம்பத்தூர்பையன் · இரவு 9:02
வணக்கம் நண்பர்களே, நான் இங்கே புதிது. டாங்க் மாடல் ஒன்று வாங்க வேண்டும். கடையில் 1/35, 1/48, 1/72 என்று போட்டிருக்கிறார்கள். எது பெஸ்ட்? தள்ளுபடி இன்று நள்ளிரவோடு முடிகிறது, சீக்கிரம் சொல்லுங்கள். நன்றி.

கோந்துக்கை · 9:09
எந்த டாங்க்? வைக்க இடம் எவ்வளவு? பெயிண்ட் அடிப்பீர்களா, அப்படியே விட்டுவிடுவீர்களா? இதற்கு முன் ஏதாவது கட்டிய அனுபவம் உண்டா? இதெல்லாம் தெரியாமல் ஸ்கேல் சொல்வது, கால் அளவு கேட்காமல் செருப்பு எடுத்துக் கொடுப்பது மாதிரி.

எழுபத்திரண்டு · 9:13
72. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். விலை குறைவு, இடம் குறைவு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாதி வேலை முடிந்துவிடும். விமானம், டாங்க், லாரி எல்லாம் ஒரே அளவில் வரிசையாக வைக்கலாம். என்னிடம் ஒரு ஷூ ராக்கில் 41 வண்டிகள் நிற்கின்றன. 35 கட்டுகிறவர்களைக் கேளுங்கள், மூன்று வண்டிக்கு ஒரு பீரோ கேட்பார்கள்.

பெரியடாங்கி · 9:20
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, பொம்மை வேண்டுமென்றால் 72 வாங்குங்கள். மாடல் வேண்டுமென்றால் 35. ராணுவ வண்டிக்கு 35-தான் ஸ்கேல், மற்றதெல்லாம் சமரசம். நான் 26 வருஷமாகக் கட்டுகிறேன், அதனால் சொல்கிறேன்.

அம்பத்தூர்பையன் · 9:31
டி-72 சார். ஷெல்ஃப் ஆழம் 22 செ.மீ. அப்புறம் ஒரு குழப்பம். டி-72 என்றால் 1/72-தானே வர வேண்டும்? 1/35 பெட்டியிலும் டி-72 என்றே எழுதியிருக்கிறது. அச்சுப் பிழையா?

பெரியடாங்கி · 9:33
கடவுளே.

கோந்துக்கை · 9:41
பெரியடாங்கி சார், எல்லாரும் ஒரு நாள் இதைக் கேட்டவர்கள்தான். தம்பி, டி-72 என்பது வண்டியின் பெயர். ரஷ்யத் தயாரிப்பு, நம் ஆவடியில் உரிமம் வாங்கி ‘அஜேயா’ என்று செய்தார்கள். 1/72 என்றால் நிஜ வண்டியை 72-ஆல் வகுத்த அளவு. இரண்டு 72-க்கும் சம்பந்தமே கிடையாது.

இனி கணக்கு. டி-72 பீரங்கிக் குழாய் முன்பக்கம் நீட்டியிருக்க ஏறக்குறைய 9.53 மீட்டர். 35-ல் 27 செ.மீ., 48-ல் 20 செ.மீ., 72-ல் 13 செ.மீ. வரும். அகலம் 3.59 மீட்டர், 35-ல் 10 செ.மீ. சொச்சம். உங்கள் ஷெல்ஃபில் 35-ஐ நேராக நிறுத்தினால் குழாய் 5 செ.மீ. வெளியே நீட்டி, துடைக்கிற துணியில் மாட்டும். பக்கவாட்டில் நிறுத்துங்கள்.

பலரும் ஏமாறுவது இங்கேதான்: 72 என்பது 35-ல் பாதி என்று நினைப்பார்கள். நீளத்தில்தான் பாதி. மேற்பரப்பில் நாலில் ஒரு பங்கு, கன அளவில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று பூசணிக்காய், மற்றது எலுமிச்சை.

யார் கட்டப்போவது என்று இன்னும் சொல்லவில்லை.

எழுபத்திரண்டு · 9:46
எலுமிச்சையா! நல்ல வெளிச்சத்தில் பாருங்கள் சார், ரிவெட் வரை தெரியும்.

ரயில்மாமா · 9:52
யாரும் 76 பற்றிப் பேசவில்லையே. பிரிட்டிஷ் மாடல் கம்பெனி ஏர்ஃபிக்ஸ் முதலில் டாங்க் போட்டது 1/76-ல்தான். பிரிட்டிஷ் ரயில் மாடல்காரர்களின் ஓஓ ஸ்கேல் அது: 1 அடிக்கு 4 மி.மீ., வகுத்துப் பார்த்தால் 76.2. என் ரயில் மேடையில் பிளாட் வேகனில் ஷெர்மன் டாங்க் ஏற்றி வைத்திருக்கிறேன், பேரனுக்கு அதுதான் உயிர். வண்டி மட்டும் தனியாக ஷெல்ஃபில் நின்றால் அதற்கு என்ன கதை இருக்கிறது?

எழுபத்திரண்டு · 9:55
மாமா, 76 செத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. 72 கணக்கு சுத்தமானது, 1 அங்குலத்துக்கு 6 அடி. இரண்டாம் உலகப்போரில் எதிரி விமானத்தை அடையாளம் காணப் பழக்கிய மாதிரிகளே 72-ல்தான் செய்தார்கள்.

ரயில்மாமா · 9:58
செத்ததா? இதே டி-72-ஐ 72-ல் செய்தால் 13.2, 76-ல் செய்தால் 12.5 செ.மீ. இந்த 7 மில்லிமீட்டருக்காகவா இவ்வளவு சத்தம்?

எழுபத்திரண்டு · 10:01
7 மி.மீ. பெரிதில்லை என்றால் நீங்களே 72-க்கு வந்துவிடலாமே.

பெரியடாங்கி · 10:04
இருவரும் பொம்மை அளவுக்குச் சண்டை போடுகிறீர்கள். உலகம் முழுக்க ராணுவ மாடலர்கள் ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட தரம் 1/35. மனித உருவம், கருவிகள், டிராக் (சக்கரச் சங்கிலி), உள் அமைப்பு எல்லாம் சரியாகக் காட்டக்கூடிய விகிதம் என்பதால் தேர்ந்தெடுத்தது.

ரயில்மாமா · 10:11
ஆராய்ந்தா? ஜப்பானிய மாடல் கம்பெனி டமியா 1960-களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்து ஓடுகிற பாந்தர் டாங்க் போட்டபோது உள்ளே இரண்டு பேட்டரியும் மோட்டாரும் அடங்க வேண்டியிருந்தது. அதற்கு ஏற்ற உடம்பு 1/35-க்குப் பக்கத்தில் வந்தது. அவ்வளவுதான். அந்தக் கம்பெனியை நடத்திய ஷுன்சாக்கு டமியாவே இதைச் சொல்லியிருக்கிறார். உங்கள் உலகத் தரம் டார்ச் லைட் பேட்டரி வைத்த அளவு.

பெரியடாங்கி · 10:14
எங்கிருந்து தொடங்கியது என்பது முக்கியமில்லை, எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

எழுபத்திரண்டு · 10:15
பேட்டரி 😂

தெம்பனிஸ்காரர் · 10:22
சிங்கப்பூரிலிருந்து. 16 யாருமே சொல்லவில்லையா? டிரம்பீட்டர் கம்பெனி 1/16-ல் டி-72பி போட்டிருக்கிறார்கள். 60 செ.மீ. நீளம், தூக்கினால் ஒரு குழந்தையைத் தூக்குகிற மாதிரி இருக்கும். என் வீட்டில் மனைவி அதற்குத் தனி நாற்காலி கொடுத்துவிட்டாள், வேறு வழியில்லை.

கோந்துக்கை · 10:25
22 செ.மீ. ஷெல்ஃபுக்கு 16-ஆ? நாற்காலி நீங்கள் வாங்கித் தருவீர்களா?

48 பற்றியும் ஒரு வார்த்தை. 1 அடிக்கு கால் அங்குலம், விமான மாடல்காரர்களுக்குப் பழக்கமான ஸ்கேல். கையில் பிடிக்க மிக வசதியான அளவு, எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆனால் டமியா 48-ல் கொடுப்பது பெரும்பாலும் இரண்டாம் உலகப்போர் வண்டிகள். அதற்குப் பிந்தியவை குறைவு. டி-55 கிடைக்கும், டி-72 தேடி அலைய வேண்டும். தம்பி, கடையில் அந்த 48 பெட்டி டி-72-தானா என்று பாருங்கள்.

அம்பத்தூர்பையன் · 10:48
பார்த்தேன். 48 ஷெர்மனாம். அதைக் கழித்துவிட்டேன். 35-ஆ 72-ஆ?

பெரியடாங்கி · 10:50
இவ்வளவு நேரம் என்ன பேசினோம்?

சுள்ளிக்காடு · 10:57
மூக்கை நுழைக்கிறேன், மன்னியுங்கள். நான் 72-ல் டி-72எம்1 கட்டியவன், அனுபவத்தைச் சொல்கிறேன். டரட்டின் (மேலே சுழலும் பீரங்கிக் கூடு) இரண்டு பக்கமும் புகைக்குண்டுக் குழாய்கள் வரும், நிஜத்தில் 81 மி.மீ. விட்டம். 72-ல் அது 1.1 மி.மீ., வெந்தயத்தை விடச் சிறியது. அதில் ஒன்றை ஸ்ப்ரூவிலிருந்து (துண்டுகள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) நிப்பரால் வெட்டினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சட்டைப் பை, பாய், மின்விசிறிக்குக் கீழே எல்லாம் தேடினேன். டார்ச்சைத் தரையில் படுக்கவைத்து அடித்தால் சின்னத் துண்டுக்கும் நீள நிழல் விழும், அந்த வித்தையும் செய்தேன். மூன்றாம் நாள் மனைவியின் தலைமுடி க்ளிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. 35-ல் அதே குழாய் 2.3 மி.மீ., கண்ணுக்குத் தெரியும், ட்வீசரில் நிற்கும். வயது 40-ஐத் தாண்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

எழுபத்திரண்டு · 11:02
எனக்கு 52. தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடி இருக்கிறது. எல்லாம் பயிற்சிதான்.

கோந்துக்கை · 11:04
திரும்பவும் கேட்கிறேன். கட்டப்போவது யார்?

அம்பத்தூர்பையன் · 11:19
அப்பா. வயது 68. ஆவடி டாங்க் ஃபேக்டரியில் 1979-லிருந்து வேலை, ரிட்டயர் ஆகி எட்டு வருஷம். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வாரம் பிறந்தநாள். போன வருஷம் கண்புரை ஆபரேஷன். கை லேசாக நடுங்கும். இது முக்கியம் என்று தோன்றவில்லை, அதனால் எழுதவில்லை.

கோந்துக்கை · 11:21
முக்கியம் இல்லையா!!

35. வேறு பேச்சே வேண்டாம்.

சுள்ளிக்காடு · 11:23
35-தான்.

எழுபத்திரண்டு · 11:24
சரி, 35. (இந்த ஒரு தடவை.)

கோந்துக்கை · 11:38
இனி வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. 35-லேயே பெட்டிக்குப் பெட்டி வித்தியாசம் உண்டு. சில புதிய கிட்களில் டிராக் ஒவ்வொரு இணைப்பாகக் கோக்க வேண்டும், பக்கத்துக்குத் தொண்ணூறைத் தாண்டிப் போகும். நடுங்கும் கைக்கு அது தண்டனை. உள்ளே இஞ்சின், பீரங்கி அறை எல்லாம் உள்ள பெட்டிகளிலும் நூற்றுக்கணக்கில் துண்டுகள் இருக்கும். டமியாவின் டி-72எம்1 பழைய கிட், டிராக் ரப்பர் பட்டை மாதிரி வளையும் பிளாஸ்டிக், துண்டுகள் பெரிது, பொருத்தமும் நன்றாக இருக்கும். உங்கள் கடையில் அது இருந்தால் அதையே எடுங்கள்.

பசை: பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் ‘எக்ஸ்ட்ரா தின்’ வகை. பிரஷ் மூடியிலேயே இருக்கும், இடுக்கில் தொட்டால் தானாக ஓடிப் பரவும். ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் ஒட்ட வேண்டும், வாசனை தலைவலி கொடுக்கும். பெயிண்டுக்கு அக்ரிலிக் போதும். ஸ்பிரே டப்பாவை ஆன்லைனில் தேடினால் கிடைப்பது சிரமம், தீப்பற்றும் பொருள் என்று விமானத்தில் ஏற்றமாட்டார்கள். பச்சை அடித்து, சக்கரத்தின் ரப்பர் விளிம்புக்குக் கருஞ்சாம்பல். டிகாலில் (ஒட்டுகிற எழுத்துத் தாள்) இந்திய எண்கள் வராது, அப்பா கையால் எழுதட்டும். அவருக்கு அந்த நம்பர் ஏதாவது நினைவில் இருக்கும்.

பெரியடாங்கி · 11:41
ஒரு திருத்தம். அப்பா அஜேயாவில்தான் வேலை பார்த்தார் என்று உறுதியா? ஆவடியில் டி-72 1980-களின் கடைசியில்தான் ஆரம்பித்தது. 79-ல் சேர்ந்தவர் என்றால் முதல் சில வருஷம் அதற்கு முன் அங்கே செய்த விஜயந்தா டாங்க்கைத்தான் பார்த்திருப்பார்.

ரயில்மாமா · 11:43
விஜயந்தா 1965-ல் முதல் வண்டி வந்தது. என் பள்ளி நாளில் ஆவடி ஸ்டேஷன் பக்கம் போனால் வேகனில் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருப்பார்கள், யாரும் பக்கத்தில் போக முடியாது. இன்று ஊர் ஊராக நினைவுச்சின்னமாக நிற்கிறது.

எழுபத்திரண்டு · 11:44
பெரியடாங்கி சார், இதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், நல்ல கேள்வி.

பெரியடாங்கி · 11:45
நான் எப்போதும் நல்ல கேள்விதான் கேட்கிறேன்.

கோந்துக்கை · 11:52
தம்பி, இருக்கிறீர்களா? இன்னும் 8 நிமிஷம்தான். வாங்கினீர்களா?

சுள்ளிக்காடு · மறுநாள் காலை 7:30
என்ன ஆச்சு?

தெம்பனிஸ்காரர் · மறுநாள் மதியம் 1:15
16 வாங்கியிருப்பார் 😄

எழுபத்திரண்டு · நான்கு நாள் கழித்து
காணவில்லை. இப்படித்தான், பதில் வாங்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அதற்கிடையில் மாமாவுக்கு ஒரு கேள்வி: ஓஓ ரயிலின் தண்டவாள அகலம் 16.5 மி.மீ., நிஜத்தில் அது 76-க்குக் கொஞ்சம் குறுகல்தானே? உங்கள் கணக்கும் சுத்தமில்லையே?

ரயில்மாமா · நான்கு நாள் கழித்து
அந்த வழக்கு நூறு வருஷமாக நடக்கிறது, அதில் என்னை மாட்டிவிடாதீர்கள்.

அம்பத்தூர்பையன் · மூன்று வாரம் கழித்து
மன்னிக்கவும், வேலைப்பளு. 35 டமியாதான் வாங்கினேன், 11:58-க்கு. அப்பா பெட்டியை வாங்கி, மூடியில் இருந்த படத்தைப் பார்த்து, சக்கரத்தை எண்ணிவிட்டு முதலில் கேட்டது: “விஜயந்தா இல்லையா?”

இப்போது பாதிக்கு மேல் கட்டிவிட்டார். டரட்டின் இடது பக்கம் ஏதோ தவறு என்கிறார், கிட்டில்தான் தவறாம், அவர் கை தவறவில்லையாம். விஜயந்தா 35-ல் யாராவது போட்டிருக்கிறார்களா? பிளாஸ்டிக்கில்.

பெரியடாங்கி · மூன்று வாரம் கழித்து
பெரிய கம்பெனி எதுவும் பிளாஸ்டிக்கில் போட்டு நான் பார்த்ததில்லை. இடது பக்கத்தில் எந்த இடம்? படம் போடுங்கள்.

கோந்துக்கை · மூன்று வாரம் கழித்து
அப்பாவிடமே இங்கே ஒரு கணக்கு ஆரம்பிக்கச் சொல்லுங்கள் தம்பி.