பிரேக் பேட் மாற்றிய பிறகு முன் இடது சில்லு சுடுகிறது, கெதியாக உதவுங்கள்

தென்றல்06:
வணக்கம். முன் பிரேக் பேட் இரண்டு பக்கமும் வீட்டிலேயே மாற்றினேன். வலது பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை. இடது பக்கம் கொஞ்சத் தூரம் ஓடினாலே சுடுகிறது. வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி போய்வந்து இறங்கினால் கருகின மணம். காரும் இடது பக்கம் இழுக்கிற மாதிரி இருக்கிறது. சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நுவரெலியா போக வேண்டும். என்னவாக இருக்கும்?

மாடிவீடு:
என்ன கார், எந்த வருடம்? பெடல் எப்படி, கட்டியாக இருக்கிறதா, கீழே போகிறதா? இதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல ஏலாது.

மருதானை நானா:
பேட் எங்கே வாங்கினீர்கள் தம்பி? பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் ஒரே பெயர் போட்ட பெட்டியில் மூன்று விதமான பேட் வரும். சிலதில் காதுக்கு, அதாவது பேட்டின் இரண்டு முனைக்கும், மேல் பெயின்ட் தடிப்பாக அடித்திருப்பார்கள், பேட்டைத் தாங்குகிற பிராக்கெட்டுக்குள் இறுகிக்கொண்டு நிற்கும். பழைய பேட்டை எறிந்துவிடாமல் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள்.

பழைய சில்லு:
இங்கே எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். பிரேக் என்பது வைப்பர் மாற்றுகிற வேலை இல்லை. காரின் பெயரைக்கூடச் சொல்லத் தெரியாதவர் பேட்டை டிஸ்க்கில் அழுத்துகிற கலிப்பரைக் கழற்றக் கூடாது. நல்ல மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் கொடுத்திருந்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்திருக்கும். சரி, கேட்டதற்குப் பதில்: பிரேக் ஹோஸ், கலிப்பருக்குப் பிரேக் ஒயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய். வெளியே பார்த்தால் நல்லதாகத்தான் இருக்கும், உள்ளே ரப்பர் உரிந்து ஒருபக்கம் மட்டும் திறக்கிற கதவு மாதிரி நிற்கும். மிதிக்கும்போது ஒயில் போகும், விட்டால் திரும்பி வராது. கலிப்பருக்குள் இருந்து பேட்டைத் தள்ளுகிற பிஸ்டனைத் திரும்ப உள்ளே தள்ளும்போது கலிப்பரை ஹோஸில் தொங்கவிட்டிருப்பீர்கள். ஹோஸை மாற்றுங்கள்.

தென்றல்06:
மன்னிக்கவும், டொயோட்டா விற்ஸ், 2008. பெடல் நல்ல கட்டியாக இருக்கிறது. பிஸ்டனைப் பழைய பேட்டை வைத்து ஜி-கிளாம்பால் தள்ளினேன், மெதுவாக உள்ளே போனது. கலிப்பரைக் கம்பியால் கட்டி வைத்தேன், தொங்கவிடவில்லை. ஒயில் டாங்கைத் தொடவில்லை.

மாடிவீடு:
ஒயில் இப்போது மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறதா? பேட் தேயும்போது யாராவது ஊற்றி நிரப்பியிருந்தால், பிஸ்டன் உள்ளே போனதும் அது எல்லாம் திரும்பி வரும். அப்புறம் ஒன்று: ஜக்கில் மட்டும் நிறுத்தியா வேலை செய்தீர்கள்? ஸ்டாண்ட் போட்டீர்களா?

கொட்டாஞ்சேனை ராணி:
ஒரு பக்கம் மட்டும் சுடுகிறது என்றால் டாங்கில் ஒயில் கூடினது காரணமாக இருக்காது, அது இரண்டு பக்கத்தையும் பிடிக்கும். தம்பி, கலிப்பர் வழுக்கி அசைகிற ஸ்லைட் பின் இரண்டையும் வெளியே எடுத்தீர்களா? எந்த கிரீஸ் பூசினீர்கள்? பேட் நிற்கிற இடத்தில் இருக்கிற மெல்லிய தகட்டுக் கிளிப்புகளைக் கழற்றிப் பார்த்தீர்களா, அப்படியே விட்டுவிட்டீர்களா? கார் எங்கே நிற்கிறது? கடல் பக்கமா?

தென்றல்06:
பின் இரண்டையும் எடுத்துத் துடைத்து, பேட் பெட்டியோடு வந்த சின்னப் பைக்கற் கிரீஸைப் பூசினேன். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் மாறவில்லை. கிளிப் புதிது வரவில்லை, பழையதையே விட்டேன். வீடு மரைன் டிரைவுக்கு ஒட்டின ஒழுங்கையில், கார் வெளியில்தான் நிற்கிறது. ஸ்டாண்ட் போட்டேன் அண்ணா.

மருதானை நானா:
சின்னப் பைக்கற் என்றால் பரவாயில்லை. சில பேர் பேரிங் கிரீஸைப் பூசிவிட்டு வருவார்கள், அது பின்னில் இருக்கிற ரப்பரை ஊதப்பண்ணி இறுக்கிவிடும். ரப்பருக்கு என்று வருகிற சிலிக்கோன் கிரீஸ்தான் போட வேண்டும். ஆனாலும் நான் சொல்வது பேட்டின் காதுதான்.

பழைய சில்லு:
2008 கார். ஹோஸ் அந்த வயதுதான். நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

கொட்டாஞ்சேனை ராணி:
ஹோஸா இல்லையா என்று காசு செலவழிக்காமலே பார்க்கலாம். எங்கள் அப்பா கராஜ் வைத்திருந்தவர், இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்தச் சாமானும் வாங்க விடமாட்டார்.

பின் சில்லுகளுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிடுங்கள். இடது முன் சில்லைத் தூக்கி ஸ்டாண்ட் போட்டு, கியரை என்-இல் (நியூட்ரல்) விடுங்கள். பி-இல் (பார்க்) இருந்தால் பிரேக் நல்லதென்றாலும் சில்லு சுற்றாது, அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். பிரேக்கை நாலைந்து தரம் பலமாக மிதித்துவிட்டு இறங்கிச் சில்லைக் கையால் சுற்றுங்கள். புதுப் பேட் லேசாக உரசும், அது பரவாயில்லை. இறுகி நின்றால், கலிப்பரில் ஒயிலைத் திறந்துவிடுகிற நிப்பிளில் குழாய் மாட்டி, ஒரு போத்தலுக்குள் விட்டுக் கொஞ்சம் இளக்குங்கள். ஒயில் சீறிக்கொண்டு வந்து சில்லு இளகினால், பிழை ஒயில் பக்கத்தில். அப்படியென்றால் நிப்பிளைப் பூட்டி, திரும்ப மிதித்து, இந்த முறை ஹோஸின் மேல் முனையை இளக்குங்கள். அதிலும் இளகினால் பிழை அதற்கு மேலே, பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அதில் இளகாமல் நிப்பிளில் மட்டும் இளகினால் ஹோஸ்.

நிப்பிளைத் திறந்தும் சில்லு இளகவில்லை என்றால் ஹோஸைத் தொடவே வேண்டாம். அது இரும்புப் பிழை: பின், பிராக்கெட், அல்லது உள்ளே இறுகின பிஸ்டன். உங்கள் பிஸ்டன் சுகமாக உள்ளே போனது என்கிறீர்கள், அதனால் எனக்குக் கிளிப்பில்தான் சந்தேகம். அந்தத் தகடு துருப்பிடிக்காது, ஆனால் அதற்கு அடியில் இருக்கிற வார்ப்பிரும்பு பிடிக்கும். துரு வீங்கித் தகட்டை மேலே தூக்கும், பேட் நிற்கிற இடம் ஒடுங்கும். பெடலை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரப்பர் சீல்தான் அதை ஒரு முடியளவு பின்னுக்கு இழுக்கும். இறுகி நிற்கிற பேட்டைப் பெயர்க்க அந்தச் சின்ன இழுப்பு போதாது. உப்புக் காற்றில் நிற்கிற கார்களில் இதைக் கன தரம் கண்டிருக்கிறேன்.

சிந்துகிற ஒயில் பெயின்ட்டைத் தின்னும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். சில்லு சுடுகிறதா என்று கையை வைக்காமல் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். இது சரிவரும் வரைக்கும் காரை ஓட வேண்டாம்.

மாடிவீடு:
அக்கா சொன்னதைச் செய்யுங்கள். நிப்பிள் திறக்கும்போது ஒயிலையும் முழுதாக மாற்றினால் நல்லது. டொட் 4 தரத்து ஒயில் போட்டால் மலைக்கு நல்லது.

பழைய சில்லு:
விற்ஸுக்கு டொட் 3. மூடியிலேயே எழுதியிருக்கும். இருக்கிறதை வாசியுங்கள்.

மாடிவீடு:
3-உம் 4-உம் ஒரே இனம், கலந்தாலும் பிழையில்லை. சிலிக்கோனில் செய்கிற டொட் 5-ஐத்தான் கலக்கக் கூடாது. புது டொட் 3 கொதிக்க 205 பாகை, டொட் 4-க்கு 230. நுவரெலியாவிலிருந்து வருகிற ரம்பொடை இறக்கத்தில் அந்த 25 பாகை சும்மா இல்லை.

பழைய சில்லு:
ரம்பொடையில் பிரேக்கைக் கொதிக்கவைக்கிறவருக்கு வாகனம் ஓடத் தெரியவில்லை. கியரைக் குறைத்து எஞ்சினால் பிடித்து இறங்க வேண்டும். முப்பது வருடமாக டொட் 3-இல் இறங்குகிறேன்.

மருதானை நானா:
எஞ்சினால் பிடித்து இறங்குவது சரி, அதை ஒருத்தரும் மறுக்கவில்லை. பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிற ஆட்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் பழைய ஒயில் ஈரம் இழுத்த ஒயில். டொட் 3 ஈரம் சேர்ந்தால் 140-க்கே கொதிக்கும், டொட் 4 155. ஆக, மூன்றா நாலா என்பதைவிடப் புதிதா பழையதா என்பதுதான் பெரிய விஷயம். கொழும்பு வெக்கையில் இரண்டு வருடத்துக்கு ஒருக்கா மாற்றுங்கள்.

பழைய சில்லு:
இரண்டு வருடம், அது சரி.

மாடிவீடு:
தென்றல், என்ன ஆனது? நாளை மறுநாள் சனிக்கிழமை.

கொட்டாஞ்சேனை ராணி:
தம்பி, சரிவரவில்லை என்றால் அம்மாவோடு ரயிலில் போங்கள். அந்த இறக்கத்தில் ஒரு சில்லு பிடித்துக்கொண்டிருக்கிற காரைக் கொண்டுபோகாதீர்கள்.

தென்றல்06:
நிப்பிளைத் திறந்தும் சில்லு இளகவில்லை. கிளிப்பைக் கழற்றினேன், கீழ்ப் பக்கம் அடியில் துரு தடித்துத் தகடு வளைந்திருந்தது. கம்பிப் பிரஷும் அரமும் போட்டுச் சுத்தமாக்கிப் புதுக் கிளிப் போட்டேன். முன்னர் பேட்டைச் சுத்தியலால் தட்டித்தான் ஏற்றினேன், இப்போது விரலால் தள்ள உள்ளே போகிறது. தெஹிவளை போய்வந்தேன், இரண்டு சில்லும் ஒரே மாதிரி. அக்காவுக்கும் எல்லோருக்கும் நன்றி.

கொட்டாஞ்சேனை ராணி:
சந்தோசம். சுத்தியல் கேட்கிற இடத்தில் பேட்டை ஏற்றக் கூடாது, கையால் வழுக்கிப் போக வேண்டும். வலது பக்கத்தையும் இப்படியே கழற்றிப் பாருங்கள், அதே காற்றில் நின்ற கார்தானே. சூடுபட்ட இடது பேட்டின் மேல்முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால், அல்லது கரையில் வெடித்திருந்தால், அதைப் போட்டுக்கொண்டு மலை ஏறாதீர்கள், முன் இரண்டுக்கும் வேறு சோடி வாங்குங்கள். சில்லு நட்டை இறுக்குகிற அளவு 103 நியூட்டன் மீட்டர், ஓடிவிட்டு ஒருக்கா திரும்ப இறுக்கிப் பாருங்கள். போக முன்னர் வெறும் வீதியில் வேகம் 50-இலிருந்து 10 வரைக்கும் மெதுவாகப் பல தரம் பிடித்து, இடையிடையே ஆறவிட்டால் பேட் டிஸ்க்கில் படியும்.

பழைய சில்லு:
ஹோஸையும் ஒரு நாள் பாருங்கள்.

மருதானை நானா:
கிளிப் செட் தனியாக எங்கே எடுத்தீர்கள் தம்பி? கேட்டு வருகிற ஆட்களுக்குச் சொல்ல வேண்டும்.