சிஜிஐ: அந்த 'மட்டுமே' எங்கிருந்து வந்தது?

செர்வர் சித்தர்:
சிஜிஐ பற்றி, அதாவது வெப் சர்வர் வெளி நிரல் ஒன்றை ஓட்டிப் பக்கம் தயாரிக்கும் முறை பற்றி, ஒரு பயிற்சி வகுப்பின் பாடக்குறிப்பு கைக்கு வந்தது. "சிஜிஐ-யில் கோரிக்கை பற்றிய விவரம் அனைத்தும் என்விரான்மென்ட் வேரியபிள் வழியாக மட்டுமே நிரலுக்குப் போகும்" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். என்விரான்மென்ட் வேரியபிள் என்றால் நிரலைத் தொடங்கும்போது கூடவே கொடுக்கும் பெயர்-மதிப்பு ஜோடிகள். மட்டுமே! எழுதிய புண்ணியவான் சிஜிஐ-யின் விதிகளைச் சொல்லும் ஆவணமான ஆர்எஃப்சி 3875-ஐத் திறந்தாவது பார்த்தாரா? நிரலைக் கூப்பிடும் வரியிலேயே அதன் பெயருக்குப் பின்னால் சொற்களை (ஆர்குமென்ட்) ஒட்டிக் கொடுக்கும் கமாண்ட் லைன் என்று ஒன்று இருக்கிறது சாமி.

கரையான்:
அந்தப் புண்ணியவான் நான்தான். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு எழுதியது. ரெக்வெஸ்ட்_மெத்தட் (கோரிக்கையின் வகை), குவெரி_ஸ்ட்ரிங் (முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வருவது), பாத்_இன்ஃபோ (பாதையின் மிச்சம்) எல்லாமே வேரியபிள்தானே? பிரவுசர் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்பு வரிகளான ஹெடர்கள்கூட முன்னால் எச்டிடிபி_ ஒட்டிக்கொண்டு அப்படித்தான் வருகின்றன. இதில் கமாண்ட் லைனுக்கு என்ன வேலை?

பழைய பெர்ல்:
போஸ்ட்டில் அனுப்புகிற ஃபார்ம்? அது ஸ்டாண்டர்ட் இன்புட்டில், அதாவது நிரல் படிக்கும் உள்ளீட்டு வழியில் வருகிறது. கன்டென்ட்_லெங்த் சொல்கிற அளவுதான் படிக்க வேண்டும், ஃபைல் முடியும் என்று காத்திருந்தால் சில சர்வரில் நிரல் அப்படியே தொங்கும். 'மட்டுமே' அங்கேயே அடிபட்டுப் போச்சே.

செர்வர் சித்தர்:
பெர்ல் அண்ணே, அது குழந்தைக்கும் தெரியும். என் கேள்வி கமாண்ட் லைன்.

கரையான்:
தெரியும், ஐஎஸ்இண்டெக்ஸ் என்ற பழைய தேடல் பெட்டி டேக் காலத்துச் சமாச்சாரம். எச்டிஎம்எல் 4-லேயே ஓரங்கட்டிய டேக். செத்த பாம்பை அடித்து வீரம் காட்டுகிறீர்கள்.

செர்வர் சித்தர்:
செத்த பாம்பா? அந்த ஆர்எஃப்சி-யின் 4.4-ஆம் பிரிவைப் படியுங்கள். கெட் கோரிக்கையில் கேள்விக்குறிக்குப் பின்னால் சமக்குறியே இல்லையென்றால், அதைக் கூட்டல்குறி உள்ள இடங்களில் உடைத்து, நிரலுக்கு ஆர்குமென்டாகக் கொடுக்கலாம். 2012 மே மாதம் இந்தப் பாம்புதான் பிஎச்பி என்ற வெப் மொழியைக் கடித்தது. அப்போது நான் ஒரு சின்ன அச்சகத்தின் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகவரிக்குப் பின்னால் ?-s என்று அடித்தேன், அவ்வளவுதான். பிஎச்பி-க்கு -s என்றால் 'சோர்ஸ் கோடைக் காட்டு' என்று அர்த்தம். பக்கம் வரவேண்டிய இடத்தில் கலர் கலராக சோர்ஸ் கோட் வந்து நின்றது. ஏழாவது வரியில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு. முதலாளி பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லுங்கள், 'மட்டுமே'யா?

நள்ளிரவு டீ:
சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். 'சூழல் மாறி' என்று அழகான சொல் இருக்கும்போது எதற்கு 'என்விரான்மென்ட் வேரியபிள்'?

செர்வர் சித்தர்:
சூழல் மாறி என்றால் மழை வரப்போகிறது என்று துணியை எடுக்கப் போவார்கள்.

நள்ளிரவு டீ:
தமிழ் என்றால் இளக்காரம். போன மாதம் 'உலாவி'யையும் இப்படித்தான் கிண்டல் செய்தீர்கள், மறக்கவில்லை.

கரையான்:
அவருக்கு யார் எழுதினாலும் இளக்காரம்தான். சரி, நான் விஷயத்துக்கு வருகிறேன். 2012-இல் நடந்தது பிஎச்பி-யின் பிழை, சிஜிஐ-யின் பிழை இல்லை. பெரிய அடி எல்லாம் வேரியபிள் வழியாகத்தான் விழுந்தது. 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக்: பிரவுசரின் பெயர் சொல்லும் யூசர் ஏஜென்ட் ஹெடரில் ஒரு ஃபங்ஷன் மாதிரி எழுதி, அதன் வாலில் கட்டளையை ஒட்டி அனுப்பினால் பாஷ் என்ற கட்டளை ஷெல் அதை ஓட்டிவிடும். 2016-இல் எச்டிடிபாக்ஸி: 'ப்ராக்ஸி' என்று ஒரு ஹெடர் அனுப்பினால் அது எச்டிடிபி_ப்ராக்ஸி ஆகிவிடும், அது தன் ப்ராக்ஸியின், அதாவது இடைச் சர்வரின் முகவரி என்று நிரல் நம்பி, வெளியே போகும் கோரிக்கையைத் திருடன் வீட்டு வழியாக அனுப்பும். என் குறிப்பு வேரியபிளைப் பற்றிப் பேசுவதில் என்ன தப்பு?

செர்வர் சித்தர்:
பேசுவதில் தப்பில்லை. 'மட்டுமே'யில் தப்பு. 2024 ஜூனில் அதே கமாண்ட் லைன் ஓட்டை விண்டோஸில் திரும்ப வந்தது. சாதாரணக் கோடு வந்தால் தடுக்கிறார்கள் என்று %AD, அதாவது கண்ணுக்குத் தெரியாத சாஃப்ட் ஹைஃபனை அனுப்பினார்கள். சீன, ஜப்பானிய மொழி அமைப்பு உள்ள விண்டோஸ் அதைச் சாதாரணக் கோடாக மாற்றி பிஎச்பி கையில் கொடுத்தது. 12 வருடம் கழித்து! செத்த பாம்பாம்.

பழைய பெர்ல்:
நான் வேறொன்று கேட்க வந்தேன். அப்பாச்சி வெப் சர்வர் ஏன் பாஸ்வேர்டு வரும் ஆத்தரைசேஷன் ஹெடரை மட்டும் நிரலுக்குத் தருவதில்லை? சிஜிஐபாஸ்ஆத் என்ற செட்டிங்கை ஆன் செய்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது.

செர்வர் சித்தர்:
பாஸ்வேர்டு கண்டவன் கையில் போகக்கூடாது என்றுதான். அதை விடுங்கள், கரையான் பதில் சொல்லட்டும்.

கரையான்:
என்ன பதில்? பைத்தான் 3.13-இல் சிஜிஐ மாட்யூலையே தூக்கிவிட்டார்கள். பைத்தான் நிரலையும் வெப் சர்வரையும் இணைக்கும் முறையான டபிள்யூஎஸ்ஜிஐ-யில் இன்னும் அதே குவெரி_ஸ்ட்ரிங், அதே பாத்_இன்ஃபோ, ஒரு டிக்‌ஷனரிக்குள். கமாண்ட் லைன் அங்கே இல்லவே இல்லை. பிள்ளைகளுக்கு எது உதவும்?

செர்வர் சித்தர்:
பாடத்தின் தலைப்பு சிஜிஐ. டபிள்யூஎஸ்ஜிஐ இல்லை. 'மட்டுமே'யை எடுப்பீர்களா மாட்டீர்களா?

கரையான்:
'பெரும்பாலும்' என்று போடச் சொல்கிறீர்களா? போட மாட்டேன். நீங்கள் கேட்டவிதம் அப்படி.

நள்ளிரவு டீ:
திருத்தினால் 'சூழல் மாறி'யையும் சேர்த்துத் திருத்துங்கள்.

செர்வர் சித்தர்:
4.4-ஆம் பிரிவு. திரும்பவும் சொல்கிறேன். 4.4.