மேற்கு வெயில் படும் தேக்குத் தூண்களுக்கு எதைப் பூசுவது?

கேள்வி (பென்னாகரம்)

எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீட்டின் திண்ணையில் நான்கு தேக்குத் தூண்களும், தாழ்வாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைமர முனைகளும் உள்ளன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தச்சர் ஒருவரைக் கொண்டு தூண்களைத் தேய்த்து, மரத்தின் ரேகை தெரியட்டும் என்று நிறமற்ற வார்னிஷ் அடித்தோம். நிழலில் உள்ள தூண்கள் இன்றும் பளபளப்பாகவே இருக்கின்றன. மேற்கு வெயில் படும் இரண்டில் மட்டும் வார்னிஷ் வெங்காயச் சருகு போல உரிந்து, அடியில் மரம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கைமர முனைகள் சில விரலால் அழுத்தினால் அமுங்குகின்றன. மீண்டும் அதே வார்னிஷை அடிக்கலாமா?

பதில் (காவேரிப்பட்டணம்)

ஐயா, நான் தச்சுத் தொழிலில் இருப்பவன். அதே வார்னிஷை அடித்தால் அதே கதைதான் நடக்கும். நிறமற்ற வார்னிஷைக் கடந்து செல்லும் புற ஊதாக் கதிர்கள், மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைத்துவிடுவதால், வார்னிஷ் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது பற்றிக்கொண்டிருக்கும் மரப்பரப்பே தளர்ந்து கையோடு வந்துவிடுகிறது. வெயிலைத் தடுப்பது நிறமிதான். ஆகவே சாம்பல் நிறம் போய்ப் புது மரம் தெரியும் வரை 80ஆம் எண் உப்புத்தாளாலும், பிறகு 120ஆம் எண் தாளாலும் இழை ஓடும் போக்கிலேயே தேய்த்துவிட்டு, வெளிப்புறத்துக்கென்றே விற்கப்படும் நிறமி கலந்த வுட் ஸ்டெயினைப் பூசுங்கள். கடைக்காரர் மெலமைன் பாலிஷ் கொடுத்தால் வாங்க வேண்டாம். அது வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கானது.

பதில் (ஓசூர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் என் தேர்வு ஆளிவிதை எண்ணெய்தான். அது மரத்துக்குள் இறங்கிவிடுவதால் உரிவதற்கு மேலே படலம் எதுவும் இருக்காது. மங்கிய இடத்தில் மறுபடி தடவிக்கொள்ளலாம். பதப்படுத்தாத பச்சை ஆளிவிதை எண்ணெய் காய வெகுநாள் ஆவதோடு, ஈரக் காலத்தில் கரும்பூஞ்சையும் பிடிக்கும் என்பதால், விரைவில் காயும் ‘பாயில்டு’ வகை என்று கேட்டு வாங்கி, முதல் கைக்கு டர்பன்டைன் கலந்து தடவி, மரம் குடித்தது போக மிஞ்சியதை அரை மணி நேரத்துக்குள் துடைத்துவிட வேண்டும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது எழும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் தேங்கித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பதில் (பாலக்கோடு)

பூச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அவசரம் கைமர முனைகளில் இருக்கிறது. மரத்தின் வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கும் பகுதி உளுத்தது. கெட்டி மரம் வரும் வரை அதை அறுத்துத் தள்ளாமல் மேலே எதைப் பூசினாலும் வீண். அறுத்த முகத்தில் முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை இரண்டு, மூன்று முறை ஊறவிடலாம். நிறம் கறுக்கும், ஆனால் கரையானுக்கு ஆகாது. தோலில் பட்டால் புண்ணாகும் என்பதால் கையுறை அவசியம். உளுத்துப்போனது சுவருக்குள் வரை சென்றிருந்தால் அந்தக் கைமரத்தையே மாற்ற வேண்டியிருக்கும். தூணின் அடியையும் பாருங்கள். கல் பீடத்தின் மேல் நிற்கும் தூணைச் சுற்றிப் பிற்காலத்தில் சிமெண்ட் பூசியிருந்தால், திண்ணை கழுவும் தண்ணீர் அங்கேயே தங்கி அடியிலிருந்து மரத்தைத் தின்னும்.

கேள்வி கேட்டவர்

சிமெண்ட் பூச்சு இருக்கிறது. அதை உடைத்து எடுத்துவிடுகிறேன். வாசற்கதவின் வெளிப்பக்கத்தில் பழைய பச்சை எனாமல் பெயிண்ட் உள்ளது. அதையும் தேய்க்கலாமா? வேலையை எப்போது தொடங்கலாம்?

பதில் (காவேரிப்பட்டணம்)

கதவை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் அதிகம் இருக்கக்கூடும். தண்ணீர் தொட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து, குழந்தைகளை அருகே விடாமல், சேற்றைத் துணியால் வழித்தெடுங்கள். நம் பகுதியில் ஐப்பசி மழை ஓய்ந்து மரம் நன்றாக உலர்ந்த தை, மாசி மாதங்கள்தான் ஏற்றவை. ஆடிக் காற்றில் புழுதி ஒட்டும். சித்திரை வெயிலில் பூச்சு கொப்புளிக்கும். மேற்குத் தூண்களைக் காலையில் முடித்துவிடுங்கள்.